ஒரே கையில் அறுபத்தொரு பேர்

ஜூன் 3, செவ்வாய்

இந்த நோட்டு மஞ்சள் மண்டியில் போன வருடம் கொடுத்த டைரி. இதில் அச்சடித்திருக்கும் கிழமைகள் இந்த வருடத்துக்குப் பொருந்தாது. அடித்துவிட்டு நானே எழுதிக்கொள்கிறேன்.

என் பெயர் நாச்சிமுத்து. வயது அறுபத்தொன்பது. முப்பத்தாறு வருடம் மண்டியில் மூட்டை தூக்கினேன். இப்போது முட்டி ஒத்துழைப்பதில்லை. மகள் வசந்தாமணியோடு இருக்கிறேன்.

இவ்வளவு எழுதுவதற்குள் அடுப்பில் இருந்த பருப்பு வெந்து இறங்கிவிட்டது.

இன்று எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். வரிசை எண் 4. பெயர் நாச்சிமுத்து. நேரம் 9.10. கையொப்பம் என்ற கட்டத்தில் மறுபடியும் நாச்சிமுத்து. நூலகர் தமயந்தி அம்மிணி பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி, கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கட்டத்தை விட்டு ஓர் எழுத்துக்கூட வெளிய போகலீங்கய்யா" என்றார்.

ஒன்பது வருடமாக அங்கே போகிறேன். கையெழுத்துப் போட்டது இன்றுதான். ஏன் என்று இதில் எழுத வேண்டியதில்லை.

ஜூன் 4, புதன்

துணி காயப்போட்டேன். ரேஷனில் பாமாயில் வரவில்லை. பதிவேட்டில் இன்று வரிசை எண் 2.

ஜூன் 5, வியாழன்

நூலகத்துக்குள் சத்தம் போடக் கூடாது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் உள்ளே இருக்கிறார்கள். அதனால் பதினொரு மணிக்குப் பேப்பரை வாங்கிக்கொண்டு பக்கத்திலிருக்கும் சைக்கிள் கொட்டகைக்குப் போய்விடுவேன். அங்கே என் கூட்டம் இருக்கும். மண்டியில் மஞ்சள் பொறுக்கும் மாராத்தாளும் அவள் செட்டுப் பெண்களும் வருவார்கள். இஸ்திரி வண்டி காதர் பாய் வருவார். பஸ்ஸுக்கு நிற்பவர்களும் வந்து உட்காருவார்கள். நான் பேப்பர் படித்துச் சொல்வேன். ஒன்பது வருடமாகச் சொல்கிறேன். எனக்கு அங்கே 'பேப்பர் அண்ணன்' என்றே பெயர்.

இன்று மாராத்தாள் கேட்டாள். "ஏனுங்ணா, முன்னெல்லாம் மடை தொறந்தாப்ல கொட்டுவீங்க. இப்ப என்னுங்க சொட்டு நீர்ப் பாசனமாட்ட வருது?"

காதர் பாய் சொன்னார். "கண்ணாடி பவர் ஏறியிருக்கும். அண்ணனுக்கு வயசாகலியா? காட்டிட்டு வாங்கண்ணா."

ஆமாம், கண்ணாடிதான் என்றேன்.

முன்பெல்லாம் ஒரு பக்கத்தைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவேன். இப்போது ஒரு செய்திக்குக் கால் மணி நேரம் ஆகிறது. ஆனால் இப்போது நான் சொல்வது பேப்பரில் இருப்பது.

இன்னொன்று. தமயந்தி அம்மிணி காலையில் பேப்பரை அடுக்கும்போது தலைப்புச் செய்திகளைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே அடுக்குவார். வருடக்கணக்காக அவருக்கு அந்தப் பழக்கம். மூன்று நாளாகச் சொல்வதில்லை. தொண்டை கட்டியிருக்கும் போல. சுக்கு தட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

ஜூன் 10, செவ்வாய்

இன்று மனசு சரியில்லை. காரணத்தை முழுதாக எழுதுகிறேன்.

மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்திருக்கிறது. ஒரு நாளைக்குச் சராசரியாக நாற்பது பேர்கூட வராத கிளை நூலகங்களை மூடிவிடுவார்களாம். மூடுவது என்று எழுதவில்லை, இணைப்பது என்று எழுதியிருக்கிறது. புத்தகங்கள் அரசு மேல்நிலைப் பள்ளிக்குப் போகும். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் மாவட்டத் தலைநகரில் கட்டியிருக்கும் பெரிய நூலகத்துக்குப் போக வேண்டும். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். தமயந்தி அம்மிணியை மலைமேல் ஓர் ஊருக்கு மாற்றுவார்கள். அவருக்கு நடக்க முடியாத தாயார் இருக்கிறார்.

"நம்ம சராசரி எத்தனைங்க அம்மிணி?"

"இருபத்து மூணுங்கய்யா."

"அதெப்பிடி? எண்பது பேருக்குக் குறையாம வர்றாங்களே! மத்தியானம் தண்ணி குடிக்க வர்ற மண்டிப் பொம்பளைங்க, உங்ககிட்ட மனு எழுத வர்றவங்க, கொட்டகையில பேப்பர் கேக்கறவங்க..."

"வர்றாங்க. பதிவேட்டுல எழுதறதில்லீங்களே."

"கைநாட்டு வெக்கச் சொல்றதுதானுங்க?"

அம்மிணி இரண்டு புத்தகங்களுக்கு முத்திரை குத்தினார். பிறகு சொன்னார். "இங்க வர்றவங்க கிட்ட மை டப்பாவை நீட்டி, உனக்கு எழுதத் தெரியாதுல்ல, விரலைக் குடுன்னு நான் எப்பிடிச் சொல்லுவேன்? அப்பறம் மறுநாள் வருவாங்களா?"

அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. முத்திரையைப் பார்த்துத்தான் சொன்னார்.

ஜூன் 12, வியாழன்

புத்தகங்கள் போய்ச் சேரப்போகும் இடத்தைப் பார்க்கப் பள்ளிக்கூடம் போனேன். வாழ்க்கையில் நான் பள்ளிக்கூடத்துக்குள் நடந்து போனது இது இரண்டாவது முறை. முதல் முறை, கட்டடம் கட்டும்போது சிமெண்ட் மூட்டை இறக்கப் போனேன்.

தலைமையாசிரியர் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார். நூலகம் என்பது மாடிப்படிக்குக் கீழே நாலு இரும்பு பீரோ. சாவி விளையாட்டு வாத்தியாரிடம். வாத்தியார் போட்டிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியூர் போயிருக்கிறார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். புத்தகக் கட்டுகள் சணல் கயிறு பிரிக்காமலே இருந்தன. மண்டிக்கு வந்த சரக்கைப் பிரிக்காமல் வைத்தால் வண்டு வைத்துவிடும். இதற்கும் அப்படித்தான் இருக்கும்.

"நூலகர்னு ஒரு ஆளை எனக்குப் போடலீங்க பெரியவரே. தொறந்து வெச்சா புஸ்தகம் தொலையும். தொலைஞ்சா நான் பதில் சொல்லோணும். அதனால பூட்டியிருக்குது" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

கீரை ஆய்ந்து கொடுத்தேன். முருங்கைக்கீரை.

ஜூன் 17, செவ்வாய்

அம்மிணியின் தாயாருக்குக் கோயமுத்தூரில் இடுப்பு ஆபரேஷன். இம்மாதம் முழுக்க அம்மிணிக்கு விடுப்பு. பக்கத்து ஊர் நூலகரைப் பொறுப்புக்குப் போட்டிருக்கிறார்கள். பத்து மணிக்கு வருகிறார், பன்னிரண்டுக்குப் போய்விடுகிறார். தலையை நிமிர்த்தவே நேரமில்லை அவருக்கு, இரண்டு ஊர் வேலை.

பதிவேடு வாசலோரம் மேசைமேல் கிடந்தது. பேனா நூலில் கட்டித் தொங்கியது. எனக்கு ஒரு யோசனை வந்தது.

மண்டியில் இருபது பேர் சரக்கு இறக்கினால் இருபது பேரும் கையெழுத்துப் போட மாட்டோம். மேஸ்திரி ஒருவரே எல்லோருடைய பெயரையும் எழுதி, எல்லோருக்கும் கையெழுத்துப் போடுவார். முப்பத்தாறு வருடமும் என் கையெழுத்தைப் போட்டவர் மேஸ்திரிதான். யாரும் அதைத் தப்பு என்று சொன்னதில்லை. ஆள் நிற்கிறானா என்பதுதான் அங்கே பேச்சு.

இங்கே ஆள் நிற்கிறது. எழுத மேஸ்திரிதான் இல்லை.

நாற்காலியை வாசலில் போட்டு உட்கார்ந்தேன்.

ஜூன் 18, புதன்

அறுபத்தொரு பேர்! கை வலிக்கிறது. மூட்டை தூக்கினால் தோள் வலிக்கும், இது விரலில் வலிக்கிறது. புது இடத்தில் வலிப்பது நன்றாகத்தான் இருக்கிறது.

ஒவ்வொருவரையும் பெயர் கேட்டு எழுதினேன். ஒன்பது வருடமாகப் பழகியும் பாதிப் பேரின் பெயர் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ராமாத்தாள், குஞ்சம்மாள், சென்னியப்பன், ஜமீலா பீவி. மாராத்தாள் தன் பெயரைக் காட்டச் சொன்னாள். காட்டினேன்.

"இதுவா என்ற பேரு? இத்தனூண்டுதானா?"

"இத்தனூண்டுதான்."

"என்ற மாமியா ஊருக்கே கேக்கற மாதிரி கூப்புடுவா. எழுதுனா ஒரு சாண்கூட இல்லியே!" என்று சொல்லிவிட்டு, போகும்போது இன்னொரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஜூன் 22, ஞாயிறு

இன்று எழுபது. இந்தப் பக்கத்தில் எழுத விரல் வரவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

பதினொரு நாள், வெள்ளிக்கிழமை விடுமுறைகளைக் கழித்து. ஒரு நாளும் அறுபதுக்குக் குறையவில்லை. நூலகம் பிழைத்துவிட்டது. நான் பிழைக்க வைத்தேன் என்று எழுதினால் தற்பெருமை. ஆனால் இது என் டைரிதானே. நான் பிழைக்க வைத்தேன்.

ஜூலை 1, செவ்வாய்

தமயந்தி அம்மிணி வேலைக்கு வந்துவிட்டார். தாயார் நலம். தூறல். மதியம் தக்காளிச் சோறு. நூலக ஆய்வாளர் ஒருவர் வந்து போனார். வேறொன்றும் இல்லை.

ஜூலை 3, வியாழன்

நேற்று எழுதவில்லை. முந்தாநாள் எழுதியதும் சரியில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

ஆய்வாளர் பெயர் தாமோதரன். பதிவேட்டை எடுத்தார். பக்கங்களைப் புரட்டினார். அப்புறம் மேசைமேல் விரித்து வைத்துவிட்டு அம்மிணியைக் கூப்பிட்டார்.

"என்னம்மா இது? பதினோரு நாள், எழுநூறு கையெழுத்து. எல்லாம் ஒரே கை. 'மா'வெல்லாம் ஒரே மாதிரி சாஞ்சு நிக்குது. இணைப்பைத் தடுக்கறதுக்குப் போலியா எழுதி வெச்சிருக்கீங்களா?"

"நான் விடுப்புல இருந்தேன் சார்."

"அப்ப யாரு எழுதினது?"

நான் ஆறடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். என் முகத்துக்கு முன்னால் பேப்பர் விரிந்திருந்தது. அதைத் தாழ்த்தவில்லை.

அம்மிணி என் பக்கம் திரும்பவே இல்லை. "விசாரிச்சுச் சொல்றேன் சார்" என்றார்.

இன்று அவருக்கு மெமோ வந்துவிட்டது. பதினைந்து நாளில் விளக்கம் தர வேண்டும். பொய்ப் பதிவு என்று முடிவானால் நூலகம் போவது மட்டுமில்லை, அவர் வேலைக்கே ஆபத்து.

மதியம் யாரும் இல்லாத நேரம் பார்த்துப் போய் நின்றேன். "அம்மிணி, அது நான்தானுங்க" என்றேன்.

"தெரியுமுங்கய்யா. உங்க மொதக் கையெழுத்தை நான்தானே பாத்தேன்."

"பின்ன ஏன் அவருகிட்ட சொல்லலீங்க?"

"சொல்லியிருந்தா நாளைக்கு நீங்க வர மாட்டீங்க. வர்ற ஆளை விட்டுப்போட்டு நூலகத்தைக் காப்பாத்தி என்னுங்க பண்றது?"

சோறு இறங்கவில்லை. வசந்தாமணி நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

ஜூலை 4, வெள்ளி

விளக்கத்தை நானே எழுதிக் கொடுக்கிறேன் என்று முடிவு செய்தேன். மாவட்ட நூலக அலுவலருக்கு. மாலைக்குள் இரண்டு வரி வந்தது.

மூன்றாவது வரியில் நின்றுவிட்டேன். எழுதினால் எல்லாவற்றையும் எழுத வேண்டும். எனக்கு எப்போதிருந்து எழுதத் தெரியும் என்று எழுத வேண்டும். அதை எழுதினால் மற்றதும் கூடவே வரும். அந்தக் கடிதத்தை ஒருநாள் யாராவது சைக்கிள் கொட்டகையில் சொல்லிவிடுவார்கள். அப்புறம் பேப்பர் அண்ணன் என்று என்னை யார் கூப்பிடுவார்கள்?

ஜூலை 5, சனி

மூன்றாவது வரி எழுதவில்லை. தண்ணீர்த் தொட்டி கழுவினேன்.

ஜூலை 6, ஞாயிறு

வசந்தாமணி கேட்டாள். "ஏம்ப்பா, ஆறு மாசமா ஆத்துக்கு அந்தப் பக்கம் முட்டிக்கு எண்ணெய்க் கட்டுப் போடப் போறேன்னு எல்லார்த்துக்கிட்டயும் சொல்லிப்போட்டு எழுத்தறிவு வகுப்புக்குப் போனியே, அப்ப இல்லாத பயம் இப்ப என்ன பயம்?"

"அப்ப ஒருத்தருக்கும் தெரியாதல்லொ."

"அதுதான்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். துணிமணி மடிக்கப் போய்விட்டாள்.

ஜூலை 8, செவ்வாய்

கடிதம் முடிந்தது. ஐந்து நாள். அதை இங்கேயும் பார்த்து எழுதி வைக்கிறேன்.

"மதிப்பிற்குரிய அலுவலர் அவர்களுக்கு,

பதிவேட்டில் ஜூன் 17 முதல் 29 வரை உள்ள பெயர்களை எழுதியது நான். நூலகர் அப்போது ஊரில் இல்லை. அவருக்குத் தெரியாது. மண்டியில் மேஸ்திரி எல்லோருக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போடுவார். இங்கும் அப்படிப் போடலாம் என்று நினைத்துவிட்டேன்.

கை ஒன்றுதான். ஆட்கள் பொய் இல்லை. எல்லோரும் வந்தார்கள். அவர்களுக்கு எழுதத் தெரியாது. போன வருடம் வரை எனக்கும் தெரியாது. ஒன்பது வருடம் நான் அந்த நூலகத்தில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். படித்ததில்லை. காலையில் டீக்கடை ரேடியோவில் கேட்டதையும், நூலகர் சொல்லும் தலைப்புகளையும் மனதில் வைத்துக்கொண்டு, பேப்பரில் இருப்பதுபோல் மற்றவர்களுக்குச் சொன்னேன். அவர்கள் என்னை நம்பினார்கள்.

அந்த ஒன்பது வருடத்தில் உங்கள் பதிவேட்டில் ஒரு நாள்கூட நான் இல்லை. ஆனால் நூலகம் திறந்த நாளில் நான் போகாமல் இருந்ததில்லை. அங்கே உட்கார்ந்து உட்கார்ந்துதான் எனக்குப் படிக்க வேண்டும் என்ற எண்ணம் வந்தது. பதிவேட்டில் வராத என்னைப் போன்றவர்களையும் எண்ணிப் பாருங்கள். பிறகு முடிவு செய்யுங்கள். தண்டனை இருந்தால் எனக்குக் கொடுங்கள்.

இப்படிக்கு, நாச்சிமுத்து."

ஜூலை 9, புதன்

தபாலில் போட மனம் வரவில்லை. மாவட்டத் தலைநகருக்கு நேரில் கொண்டுபோனேன். அலுவலர் இருப்பது அந்தப் பெரிய நூலகத்தில்தான்.

பெரிய நூலகம் உண்மையிலேயே பெரிது. மூன்று மாடி. உள்ளே குளிரூட்டியிருக்கிறார்கள். பார்வையில்லாதவர்களுக்குப் படித்துக் காட்டும் கம்ப்யூட்டர் இருக்கிறது. பிள்ளைகள் தலை நிமிராமல் படிக்கிறார்கள். பொறாமையாக இல்லை. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் ஒரு நாள் இது பக்கத்திலேயே வரும் என்று நினைத்துக்கொண்டேன்.

வாசலில் பதிவேடு இல்லை. இரண்டு கம்பங்கள் நிற்கின்றன. நடுவில் நடந்தால் மேலே சிவப்பு எழுத்தில் எண் ஒன்று கூடுகிறது. நான் உள்ளே போனதும் 412 என்று காட்டியது. கையெழுத்து எங்கே போடுவது என்று காவலாளியைக் கேட்டேன்.

"தேவையில்லீங்க தாத்தா. நடந்தா போதும், அதுவே எண்ணிக்கும்."

அந்தக் கம்பம் என்னிடம் எழுதத் தெரியுமா என்று கேட்கவில்லை. இப்போது எனக்குக் கம்பம் தேவையும் இல்லை, கையெழுத்தே வரும். எங்கள் ஊரில் நின்றிருந்தால் ஒன்பது வருடம் என்னை எண்ணியிருக்கும்.

அலுவலர் ஒரு பெண்மணி. கடிதத்தை நின்றுகொண்டே படிக்க ஆரம்பித்தார். பாதியில் உட்கார்ந்தார்.

"நீங்களே எழுதினீங்களா?"

"ஆமாங்க."

அந்தக் கம்பத்தைப் பற்றியும் சொன்னேன். அவர் பென்சிலை மேசையில் தட்டிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார். "பத்தொன்பதாம் தேதி சனிக்கிழமை நானே வர்றேன். அந்தப் பேருக்கெல்லாம் ஆள் இருக்காங்களான்னு பாக்கணும். உங்க கடிதத்தை எல்லாருக்கும் முன்னாடி வாசிச்சுத்தான் விசாரணை நடத்த முடியும். சம்மதமா?"

மேசைமேல் இருந்த தண்ணீரைக் குடித்தேன். அது அவருடைய தண்ணீர் என்று குடித்த பிறகுதான் தெரிந்தது.

சம்மதம் என்றேன்.

ஜூலை 17, வியாழன்

கொட்டகையில் இரண்டு செய்தி படித்தேன். யாரிடமும் இன்னும் சொல்லவில்லை. சனிக்கிழமை ஆபீசர் வருகிறார், எல்லோரும் வர வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

"எதுக்குங்ணா?" என்றாள் மாராத்தாள்.

"வந்தாத் தெரியும்."

ஜூலை 19, சனி

நூற்று நான்கு பேர். ஆய்வாளர் தாமோதரன் தலையை எண்ணினார். உள்ளே இடம் போதவில்லை. கொட்டகையில் சைக்கிள்களை வெளியே எடுத்துவிட்டு எல்லோரையும் உட்கார வைத்தோம். அலுவலர் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். ஒவ்வொருவரும் எழுந்து நின்றார்கள். ஒரு பெயருக்குக்கூட ஆள் இல்லாமல் போகவில்லை. சென்னியப்பனுக்குக் காய்ச்சல். போர்வையோடு வந்து நின்றான்.

பிறகு என் கடிதத்தை வாசித்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'படித்ததில்லை' என்ற இடத்தில் அவர் குரல் கொஞ்சம் நின்றது. அவர் முடித்தார். இஸ்திரிப் பெட்டியில் கரி வெடிக்கும் சத்தம்தான் கேட்டது.

மாராத்தாள்தான் முதலில் வாய் திறந்தாள்.

"இதுக்குத்தான் ஒரு வாரமா மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு இருந்தீங்களா?"

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"ஆயுத பூசைக்கு மறுநா பேப்பரு வராது. அன்னிக்கும் நீங்க முந்தின நா பேப்பரை விரிச்சு வெச்சுட்டு, ராத்திரி பேஞ்ச மழைச் சேதியப் படிச்சீங்க. எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனா நேத்துப் பாத்த படத்தை இன்னிக்கும் பாத்தாத் தெரியாதுங்களா?"

"எந்த வருசம்?" என்றேன். எனக்கு வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை.

"வருசா வருசந்தான்!"

கொட்டகை முழுக்கச் சிரிப்பு. காதர் பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "அண்ணா, ரேடியோவுல வந்ததை நானும்தான் கேட்டிருப்பேன். நீங்க சொன்னா அதுல உப்பு, காரம் இருக்கும். அதுக்குத்தான் வர்றது. நாலஞ்சு மாசமாத்தான் சப்புனு இருந்துது. அப்பவே நெனச்சேன், அண்ணன் நெசமாவே படிக்க ஆரம்பிச்சுட்டாருன்னு."

அலுவலரும் சிரித்தார். ஆய்வாளர் சிரிக்கவில்லை. "ஆனா மேடம், விதிப்படி கையொப்பம் வேணும்" என்றார்.

மாராத்தாள் அவர் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க சார், ரேசன் கடையில வெரல் வெக்கறோம். பேங்க்கில வெரல் வெக்கறோம். இங்க மட்டும் ஏன் ஒருத்தரும் எங்ககிட்ட வெரலைக் கேக்கலை?"

தமயந்தி அம்மிணி எழுந்தார். "நான்தான் கேக்கலைங்க. உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு..."

"எங்களுக்கென்னங்க சங்கடம்! மஞ்சள் ஏறுன வெரலு. மை ஏறுனா என்ன கொறஞ்சு போகுது? எடுங்க டப்பாவ!"

அலுவலர் அங்கேயே ஒரு தாளில் எழுதினார். நாளை முதல் ஆகஸ்ட் இரண்டாம் தேதி வரை புதிய கணக்கு. ஆய்வாளர் இங்கேயே இருந்து எண்ண வேண்டும். கையெழுத்தா விரலா, இரண்டும் வருகைதானா என்பதை மேலிடத்தில் கேட்டு எழுதுவார். அதுவரை எதுவும் முடிவில்லை. மெமோவும் முடிவாகவில்லை.

வெளியே வந்தபோது ஒருவரும் என்னைப் பேப்பர் அண்ணன் என்று கூப்பிடவில்லை. 'வாங்க மேஸ்திரி' என்றார்கள். முப்பத்தாறு வருடத்தில் எனக்குக் கிடைக்காத பதவி.

ஜூலை 24, வியாழன்

தலைமையாசிரியர் ஒன்பதாம் வகுப்பைக் கூட்டிக்கொண்டு வந்தார். நூலகப் பாடவேளையை இனி இங்கேயே நடத்தலாமா என்று அம்மிணியிடம் கேட்டார். பிரிக்காத புத்தகக் கட்டுகளையும் வண்டியில் கொண்டுவந்திருந்தார். அவற்றை எப்படி அடுக்கினால் சரியாது என்று எனக்குத் தெரியும். முட்டி வலித்தாலும் இரண்டு கட்டு தூக்கினேன்.

ஆய்வாளர் தாமோதரனிடம் ஜமீலா பீவி மனு எழுதச் சொல்லி ஒரு தாளை நீட்டினார். அவர் எண்ணிக்கொண்டே எழுதிக் கொடுத்தார். மதியத்துக்குள் ஐந்து மனு எழுதிவிட்டார்.

ஆகஸ்ட் 2, சனி

கணக்கு முடிந்தது. ஆய்வாளர் எண்ணைச் சொல்லவில்லை. பதிவேட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். போகும்போது அம்மிணிக்கு வணக்கம் சொன்னார்.

ஆகஸ்ட் 7, வியாழன்

தபால்காரர் பதினொன்றரைக்கு வந்தார். நீளமான அரசாங்க உறை. அம்மிணி வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"உங்க பேருக்குங்கய்யா."

உறைமேல் இருந்ததைப் படித்தேன். 'திரு. நாச்சிமுத்து, வாசகர், கிளை நூலகம்.' நடுவில் இருந்த வார்த்தையை மறுபடியும் படித்தேன்.

"நீங்களே பிரிச்சுச் சொல்லுங்க அம்மிணி" என்றேன். "ஊர் விசயம். எனக்கு நேரமாகும்."

"உங்களுக்கு வந்த கடுதாசியை நான் பிரிக்கக் கூடாதுங்க" என்றார். அவர் விரல்கள் மேசை விளிம்பைப் பிடித்திருந்தன.

கொட்டகைக்குப் போனேன். எல்லோரும் இருந்தார்கள். அம்மிணியும் வந்து தூணோரம் நின்றார். உறையைப் பிரித்தேன். இரண்டு பக்கம். அரசாங்கத் தமிழ். 'பொருள்' என்று தொடங்குகிறது. பிறகு 'பார்வை' என்று போட்டு எண் ஒன்று, எண் இரண்டு, எண் மூன்று என்று பழைய கடிதங்களின் தேதிகள். ஒவ்வொன்றாகப் படித்தேன்.

"ஏனுங்ணா, நேரா கடைசிக்குப் போங்களேன்" என்றாள் மாராத்தாள். "எனக்குப் பன்னண்டுக்கு வேலை."

"வரிசையாத்தான் எனக்கு வரும். நடுவுல குதிச்சா வழி தவறிப்போகும்."

"அம்மிணியாவது படிக்கக் கூடாதா? என்ற கரி அணையுது" என்றார் காதர் பாய்.

"நான் மூணாவது பார்வையில இருக்கறேன். பேசாதீங்க."

முதல் பக்கம் முடியப் பன்னிரண்டு ஆகிவிட்டது. மண்டிச் சங்கு ஊதியது. மாராத்தாள் எழுந்தாள். அப்புறம் உட்கார்ந்தாள். அவள் செட்டுப் பெண்கள் யாரும் எழுந்திருக்கவில்லை. பஸ் வந்தது. யாரும் ஏறாமல் போனது.

இரண்டாம் பக்கத்தில் ஒரு வாக்கியம் ஏழு வரிக்கு நீண்டிருந்தது. பாதியில் மூச்சு வாங்கிக்கொண்டேன். ஒருவரும் அசையவில்லை. 'எனவே' என்று வந்தது. எனவே என்ற வார்த்தைக்குப் பிறகுதான் விசயம் வரும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். விரலை அதன்மேல் வைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தேன்.

"படிங்க மேஸ்திரி!" என்று நாலு பேர் ஒன்றாகக் கத்தினார்கள்.

படித்தேன்.

"எனவே, ஆய்வுக் காலத்தில் சராசரி வருகை எண்பத்தாறு எனக் கண்டறியப்பட்டுள்ளதால், மேற்படி கிளை நூலகம் தனி நூலகமாகவே தொடர்ந்து இயங்கும். பள்ளி மாணவர்களின் நூலகப் பாடவேளை இந்நூலகத்திலேயே நடத்தப்படும். கையொப்பமிட இயலாத வாசகர்களின் பெருவிரல் பதிவும் இனி மாவட்டம் முழுவதும் வருகையாகக் கொள்ளப்படும். நூலகர் மீதான குறிப்பாணை ரத்து செய்யப்படுகிறது."

உடனே யாரும் கத்தவில்லை. அரசாங்கத் தமிழ் என்பதால் உள்ளே இறங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. அம்மிணி தூணைப் பிடித்தபடியே அழ ஆரம்பித்தார். அதைப் பார்த்ததும் காதர் பாய் பயந்துபோய் "என்னுங்க, மூடறாங்களா?" என்றார்.

"இல்லீங்க பாய்! இருக்குது! இருக்குதுங்க!"

அப்போதுதான் சத்தம் வந்தது. உள்ளே தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் ஓடி வந்து சன்னல் வழியாகப் பார்த்தார்கள். சத்தம் போடக் கூடாது என்று யாரும் யாரிடமும் சொல்லவில்லை.

சத்தம் அடங்கியதும் மாராத்தாள் என் எதிரில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"மண்டிக்கு எப்பிடியும் நேரமாயிப்போச்சு. இன்னொருக்காப் படிங்க. மொதல்ல இருந்து."

பொருள் என்ற இடத்திலிருந்து ஆரம்பித்தேன். இரண்டாவது தடவை கொஞ்சம் வேகமாகவே வந்தது.